இரண்டு கையையும் தூக்கிய காலை

அந்தச் செயலியில் இருக்கிற பயிற்சிகளை எல்லாம் செய்து முடித்துவிட்டேன். தூக்கத்துக்கானது, கழுத்து வலிக்கானது, நன்றி சொல்லப் பழகுவதற்கானது, எல்லாம். 'கோபத்துக்கு விடை கொடுப்போம்' என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் இன்றுவரை திறக்கவில்லை. அடிக்கடி அது திரையின் மேலே வந்து நின்று, 'உங்களுக்காகவே' என்கிறது. விரலால் தள்ளிவிடுகிறேன். திறக்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் எனக்கு வேலை. துறைமுகத்தில் வந்து இறங்கும் பெட்டிகளுக்கான சுங்கக் காகிதங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதே துறைமுகத்தில் என் அப்பா கப்பல் மேல் ஏறி, அதே மாதிரிப் பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தது நான்தான். கல்லூரி வாசலை மிதித்ததும் நான்தான். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார்கள். என்னை எப்போது நிரந்தரம் செய்வார்கள்? 'பர்மனென்ட்' என்ற வார்த்தையைச் சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் கண் பட்டுவிடும் என்பதுபோல.

நிரந்தரம் செய்வதற்கு முன்னால் மெடிக்கல். கம்பெனி டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அளவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார்.

"வயசு என்ன?"

"இருபத்தாறு சார்."

"வீட்ல யாருக்காவது பிபி இருக்கா?"

"பாத்ததில்ல சார்."

"இருக்கா இல்லையான்னு கேட்டா பாத்ததில்லங்கறீங்க?"

"யாரும் போய்ப் பாத்ததில்ல சார். இருந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். காகிதம் எனக்கு முன்னால் மேனேஜர் மேசைக்குப் போய்விட்டது. மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை.

"என்ன தம்பி, இந்த வயசுல பிரஷர் இவ்வளவு நிக்கி? அடுத்த மெடிக்கலுக்குள்ள கொறச்சிட்டு வாங்க. கம்பெனில எல்லாருக்கும் ஒரு ஆப்பு எடுத்துக் குடுத்திருக்கோம்லா, ஒருத்தரும் தொறந்து பாக்கறதில்ல. நீங்க அதப் பண்ணுங்க. கொறஞ்சிட்டுன்னா அன்னைக்கே ஆர்டர்."

எதையும் பாடமாகக் கொடுத்துவிட்டால் நான் ஒழுங்காகச் செய்வேன். பள்ளிக்கூடம் என்னிடம் விட்டுவிட்டுப் போன பழக்கம் அது. அன்றைக்குப் பேருந்திலேயே செயலியை இறக்கினேன். மொழி என்று கேட்டது. தமிழ் என்றேன். ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. நல்ல தமிழ், எந்த ஊர்த் தமிழ் என்று மட்டும் சொல்ல முடியாத தமிழ். காலையில் எழுந்ததும் திறந்தவெளிக்குச் செல்லுங்கள் என்றது. முகத்தை வானத்தை நோக்கி உயர்த்துங்கள், கண்களை மூடுங்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள், சற்று நேரம் அப்படியே நில்லுங்கள்.

எனக்குத் திறந்தவெளி என்றால் மொட்டை மாடிதான். திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் கடல் ஏறாமலிருக்கக் கரையில் போட்ட கல்லுக்கும் நடுவில் எங்கள் தெரு. ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு அறைகளில் நாங்கள் மூன்று பேர். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கயிறும்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சில நாட்களில் வடக்கிலிருந்து ஒரு வாடை வரும். முதலில் தொண்டையில் கீறும், அப்புறம் கண்ணில் எரியும். எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. போய்க் கேட்டால் ஒவ்வொரு வாசலிலும் பக்கத்து வாசலைக் கைகாட்டுவார்கள். அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருக்கிறோம். லேசாக வாடை தட்டியதும் யாராவது ஒருவர் மாடிக்கு ஏறுவார். முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடி மோந்து பார்ப்பார். தெரு மொத்தமும் கீழே நின்று அவர் கையையே பார்க்கும். ஒரு கையைத் தூக்கிக் கடல் பக்கம் காட்டினால், காற்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது, அவரவர் வேலையைப் பார்க்கலாம். இரண்டு கையையும் தூக்கினால் அடுப்பை அணை, ஜன்னலைச் சாத்து, துண்டை நனை, பிள்ளையைத் தூக்கு, தெற்கே நட. கத்தக் கூடாது. கத்த வாயைத் திறந்தால் முதலில் உள்ளே போவது அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு மனிதன் மாடியில் அசையாமல் நின்று முகத்தைத் தூக்கினால் அதற்கு வேறு காரணமே கிடையாது. இது எனக்குப் பால் குடிக்கிற வயதிலிருந்து தெரியும். ஆனாலும் அன்று காலை எனக்கு அது தோன்றவில்லை. காதில் இயர்போன். குரல் சொன்னது. முகத்தைத் தூக்கினேன், கண்ணை மூடினேன், நெஞ்சு நிறைய இழுத்தேன், இரண்டு கையையும் மேலே கொண்டுபோனேன். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மூச்சிலோ நான்காவதிலோ, பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு முதல்முறையாக என் தோள் தன்பாட்டுக்குத் தளர்ந்ததை உணர்ந்தேன்.

அப்போது ஈரத்துணி ஒன்று என் மூஞ்சியில் வந்து அறைந்தது.

அப்பா. தன் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, இன்னொன்றை என் முகத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், பெட்டிக்குக் கம்பி முறுக்கிய அதே கையால். என்னை இடுப்போடு அணைத்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார். நான் ஒரு காது இயர்போனோடு கீழே எட்டிப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. எதிர்வீட்டில் இட்லி போட்டு விற்கும் அக்கா இடுப்பில் தூக்கம் கலையாத பிள்ளையோடு தெருமுனைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் லுங்கியும் ஈரத் துண்டுமாகக் கேட்டைத் திறந்து வைத்து, நாங்கள் இறங்கி வரக் காத்திருந்தார். அம்மா என் கல்லூரிச் சான்றிதழ்கள் இருக்கும் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எதையும் எடுக்கவில்லை.

"அப்பா, வாடை இல்ல," என்றேன் துண்டுக்குள்ளிருந்து.

"இன்னாது?"

"வாடை இல்லப்பா. மூச்சுப் பயிற்சி."

அவர் துண்டை இறக்கினார். மோந்து பார்த்தார். மறுபக்கம் திரும்பி இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அரைமணி நேரத்தில் தெரு எங்கள் வாசலில் கூடிவிட்டது. அக்காதான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஈடு இட்லி களியாப் போச்சு. யாரு துன்றது அத்த? நீ துன்றியா?"

"சாரிக்கா."

"சாரி கீரின்னு சொல்லாத. புள்ளைய எடுத்தேனா, சிலிண்டர மூடுனேனான்னு எனக்கே தெரியாம ஓடிக்கினு இருந்தேன். மேல பாத்தா நீ சாமி வந்தவன் மாதிரி நிக்கிற."

"டாக்டர் சொன்னாருக்கா. பிரஷர் கொறையணும். கொறைஞ்சாதான் வேலை பர்மனென்ட்."

"மூச்சு வுடணும்னா வூட்டுக்குள்ள வுடு நைனா," என்றார் வீட்டுக்காரர். "மாடில ஏறி இன்னா ஷோ? இனிமே மாடிக் கதவப் பூட்டித்தான் வெப்பேன். பேஜாராப் போச்சு."

"மூச்சு அதுவா வரும், அதுவா போவும்," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். "அதுக்கு ஒரு பொம்பள போன்ல வந்து சொல்லணுமா? நான் கப்பல் மேல கம்பி இசுத்தப்ப எவன்டா எனக்குச் சொன்னான்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடானது. அதுவரை நான் தெருவில் குரல் உயர்த்திப் பேசியதில்லை. படிக்கிற பையன் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சத்தம் போட முடியாது. அன்றைக்குப் போட்டேன்.

"வூட்டுக்குள்ள எடம் எங்க கீது மாமா? ஒரு ரூம்ல அப்பா இருமிக்கினு கீறாரு, இன்னொண்ணுல அடுப்பு. நான் எங்க போய் மூச்சு வுடறது? அண்ணா நகர் பார்க்குக்கு பஸ் ஏறிப் போய் வுட்டுட்டு வரவா? என் வூட்டு மாடில நான் மூச்சு வுட யாரு கிட்ட பர்மிஷன் வாங்கணும், சொல்லுங்க. வாடைய வுடறவன் எவன் கிட்டயாவது பர்மிஷன் கேக்கறானா?"

லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"வுடாதன்னு யாரு சொன்னா இப்ப?" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நல்லா வுடு. ஆனா நீ வுடறது இன்னாத்துக்குன்னு எங்களுக்குத் தெரியணும். காதுல மாட்டிக்கினு ஊமை மாதிரி நிக்காத. அந்தப் பொம்பள இன்னா சொல்றாளோ, எல்லார் காதுலயும் வுழற மாதிரி போடு. அப்ப நாங்க பாட்டுக்கு எங்க வேலையப் பாப்போம்."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்குத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்தச் சக்கரம் வைத்த ஸ்பீக்கர்.

"கோயில் சாமான். பத்தரமா வெச்சுக்க," என்றார். "பூட்டு போடல."

இப்படித்தான் அந்தக் குரல் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது.

மறுநாள் காலையில் ஸ்பீக்கரைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துப் போட்டேன்.

"வணக்கம். இன்றைய நாளை இனிமையாகத் தொடங்குவோம்," என்றது குரல், எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"வணக்கம்மா," என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. "நாஷ்டா ஆச்சா?"

"உங்கள் முன்னே பசுமையான ஒரு புல்வெளி விரிந்து கிடப்பதாகக் கற்பனை செய்யுங்கள்."

"எங்க கீது, காட்டச் சொல்லு. ஆட்ட ஓட்டிக்கினு போலாம்." இது வீட்டுக்காரர். அவரிடம் ஆடு எதுவும் கிடையாது.

"இதோ, அலைகளின் ஓசை. அதை மட்டும் கேளுங்கள்."

"நெஜக் கடலு கூப்புடற தூரத்துல கீது," என்றாள் அம்மா, துணி உலர்த்த மேலே வந்தவள். "அது சத்தம் போட்டா தூங்க முடியலன்னு பொலம்புவ. போன்ல போட்டா ஒனக்கு இனிக்குதா?"

"உங்கள் உடலில் இறுக்கம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்."

"எக்ஸ்பிரஸ் ரோட்ல கீதுன்னு சொல்லு," என்றார் அப்பா. "விடிஞ்சதுலேர்ந்து ஒரு லாரி நவுரல."

முதல் சில நாட்கள் எனக்கு அவமானமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சால் பிரஷர் குறையாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மாடியை விட்டு இறங்கவில்லை. அவர்களும் பதில் சொல்வதை விடவில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா கரண்டியில் மாவை எடுத்தபடி அசையாமல் நின்றாள். "மெதுவாக வெளியே விடுங்கள்" என்று குரல் சொன்னதும் பொஸ்ஸென்று விட்டுவிட்டு, மாவைத் தட்டில் ஊற்றினாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பாக்குற? நான் எப்பவும் இப்டித்தான் வுடுவேன்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பயிற்சியே கெட்டுப்போனது. ஆனால் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தபோது கழுத்தில் வழக்கமாக இருக்கும் அந்தப் பிடிப்பு இல்லை. புல்வெளியால் அல்ல, தெருவின் கிண்டலால் இறங்கியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். செயலியையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். தூங்கப் போகும் முன் போனைத் தூர வை என்றது, வைத்தேன், தூக்கம் வந்தது. டீயைக் குறை என்றது, குறைத்தேன், நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. சொல்ல வேண்டிய நல்லதை எல்லாம் அது சொன்னது. அதோடு எனக்குச் சண்டை ஒரே ஒரு இடத்தில்தான்.

பயிற்சி முடிந்ததும் வரிசையாக ஐந்து முகங்களைக் காட்டும். இப்போது எப்படி உணர்கிறீர்கள்? சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், சோக முகம், பயந்த முகம், கோப முகம். நான் நேர்மையாகத் தொடுவேன். வாடை வந்த நாட்களில் கோப முகத்தைத் தொட்டேன். அப்பா இருமி இருமிச் சுவரில் கைவைத்து நின்ற நாளில் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் அது அன்பாகப் பேசியது. கோபம் உங்களுக்குள் உருவாகிற ஒரு மேகம், அதைக் கடந்து போக விடுங்கள் என்றது. எனக்குள்ளா? என்ன காரணம் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை. நோய் எனக்கு, மருந்தும் எனக்கு, வடக்கிலிருந்து வருகிறதற்கு மட்டும் இந்தக் கதையில் வேலையே இல்லை. அந்தச் செயலியிலேயே இன்னொரு மூலையில், இன்று உங்கள் பகுதியில் காற்று நன்றாக இருக்கிறது, நடைப்பயிற்சிக்கு ஏற்ற நேரம் என்று பச்சை நிறத்தில் வரும். அந்தப் பகுதி எந்தப் பகுதி என்று தேடிப் பார்த்தேன். அளக்கிற கருவி எங்கோ ஊருக்குள் இருந்தது. எங்கள் தெருவை அது மோந்து பார்த்ததே இல்லை.

இரண்டாவது மெடிக்கல் நாள் வந்தது. அம்மா விடியும்போதே மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை கதவில் தொங்கியது. நான் மாடிக்கு ஏறி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"இன்னிக்கு நல்லா சொல்லிக் குடும்மா," என்றாள் அக்கா குரலிடம். "புள்ளைக்குப் பரீட்சை."

"ஆழமாக உள்ளே இழுங்கள்," என்றது குரல். "தூய்மையான காற்று உங்கள் நுரையீரலை நிரப்பட்டும்."

இழுத்தேன். பாதி மூச்சில் தொண்டை கீறியது.

இன்னும் லேசாக இழுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, வடக்கிலிருந்துதான். என் இரண்டு கைகளும் ஏற்கெனவே தலைக்கு மேலே இருந்தன. தினமும் இருப்பவைதான், அதைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை. ஒரு நொடிதான் யோசித்தேன். கையை இறக்கி ஸ்பீக்கரை அணைத்தேன். மறுபடி இரண்டு கையையும் தூக்கினேன்.

குரல் நடு வார்த்தையில் நின்றது. தெரு நிமிர்ந்து பார்த்தது. இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் குரல் இல்லாமல் கை மட்டும் என்றால் என்னவென்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா அடுப்பை அணைத்தாள். படபடவென்று ஜன்னல்கள் மூடிக்கொண்டன. யாரும் கத்தவில்லை. கண் எரிவதற்குள் தெரு தெற்கே நடக்க ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்கு வேகமாக நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வீட்டுக்காரர். அம்மா இந்தத் தடவையும் அந்தப் பையைத்தான் எடுத்திருந்தாள். அதோடு என் இஸ்திரிச் சட்டையையும்.

"போவாதடா இன்னிக்கு," என்றாள் மெயின் ரோட்டில் நின்றபடி. "கண்ணப் பாரு, ரத்தமா கீது."

"இன்னிக்கு வுட்டா அப்பால எப்போன்னு தெரியாதும்மா."

ஒரு மூடியிருந்த கடையின் மறைவில் சட்டையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

டாக்டர் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். போன தடவையை விட அதிகம். அவருக்கு முன்னால் இருந்த திரையில் என் செயலிக் கணக்கு திறந்திருந்தது.

"தினம் ஒழுங்கா பண்ணியிருக்கீங்க. இன்னைக்கு மட்டும் பாதியில விட்டிருக்கீங்களே? முக்கியமான நாள் இல்லையா?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். உண்மையிலேயே கேட்டுக்கொண்டார்.

"சரி. ஆனா நீங்க டென்ஷன ரொம்ப எடுத்துக்கறீங்க."

"நான் எடுத்துக்கல சார். அது வருது. காத்துல வருது."

"வேற ஏரியாவுக்கு மாறிடலாமே? படிச்சிருக்கீங்க, வேலை இருக்கு."

"நாங்க காலி பண்ணா அந்த வீட்டுக்கு வேற ஒருத்தர் குடி வருவாங்க சார். அவங்களுக்கும் மூக்கு இருக்கும்."

அவர் பேனாவை மூடினார். வெளியே மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு மறுபடி அளந்தார். குறைந்திருந்தது. ஆனால் போதிய அளவுக்கு இல்லை. ஒரு மாத்திரை எழுதினார்.

"இதைத் தினம் போடுங்க, கட்டுப்படும். வேலைக்கு ஃபிட்னு எழுதறேன். காரணம் மன அழுத்தம்."

அம்மாவின் பர்மனென்ட் அந்தப் பேனா முனையில் இருந்தது. தலையாட்டிவிட்டு எழுந்திருந்தால் முடிந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"அப்படி எழுத வேணாம் சார்," என்றேன். "என் மனசுல ஒண்ணும் கோளாறு இல்ல. இருக்கற எடத்த எழுதுங்க."

"அதுக்கு இதுல எடமே இல்லையே."

"ஓரத்துல எழுதுங்க."

அவர் காகிதத்தைத் திருப்பி, ஓரத்தில், சிறிய எழுத்தில், வசிக்குமிடத்தில் அடிக்கடி ஆலைப் புகையின் பாதிப்பு, இன்று காலையும் உட்பட, என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இது என்ன தம்பி ஓரத்துல? ஹெட் ஆபீஸ்ல கேள்வி கேப்பாவ. சண்டைக்காரப் பயலாட்டம் தெரியும். பேசாம டாக்டர் கிட்ட வேற ஒண்ணு வாங்கிட்டு வந்திருங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"கேக்கட்டும் சார். பதில் என் கிட்ட இருக்கு."

"ஆர்டர் நின்னு போச்சுன்னா?"

"நிக்கட்டும் சார்."

சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய் அடுத்த பெட்டியின் காகிதத்தை எடுத்தேன்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டபடி, "ஓரத்துல ஒரு வரி. அதுக்கா இவ்ளோ?" என்றாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஓடியவள் அவள். அப்பா மட்டும் தட்டைப் பார்த்தபடியே, "எய்தினது எய்தினதுதான். வுடு," என்றார். அவளிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஆர்டர் வரவில்லை. நான் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று பேருந்தில் நின்றபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். கடைசியில் ஒரு பிற்பகலில் மேனேஜர் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்தார். நிரந்தரம்.

"ஓரத்துல இருந்ததப் பத்தி என்ன கேட்டாங்க சார்?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல தம்பி. படிச்சாங்களோ என்னவோ."

நான் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் அம்மா அழுதாள், கோயிலுக்கு ஓடினாள், அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் லட்டு கொடுத்தாள். நானும் தின்றேன். ஆனால் அந்தப் பிற்பகல் முழுக்க என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது சந்தோஷம் இல்லை. நான் வேலையைப் பணயம் வைத்து எழுதி வாங்கிய ஒரு வரி. அதை மறுக்கக்கூட யாரும் கண்ணைத் திறக்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றுமே கேட்காதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பயிற்சியைத் திறக்க மாட்டேன். மாத்திரை போடுகிறேன், பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. மூச்சும் விடுகிறேன். செயலி தருகிற அமைதியை வாங்கிக்கொள்கிறேன், எனக்கு அது தேவைதான். ஆனால் கோபத்துக்கு விடை கொடுத்து அனுப்பினால், அடுத்த ஓரத்தில் அடுத்த வரியை எழுதச் சொல்ல எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? படித்தவன் நான் ஒருவன்தான். நான் சாந்தமாகிவிட்டால் யாருக்கு வசதி என்று எனக்குத் தெரியும்.

இன்று காலையும் மாடிக்கு ஏறினேன். வாடை இல்லை. ஸ்பீக்கரைப் போட்டேன். முகத்தைத் தூக்கி, நெஞ்சு நிறைய இழுத்து, இரண்டு கையையும் தூக்கினேன். குரல் முடித்துவிட்டு, ஐந்து முகங்களைக் காட்டி, இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று தெரு முழுக்கக் கேட்டது.

"அத்த ஏன் தெனம் கேக்குறா?" என்றாள் அக்கா, தட்டிலிருந்து இட்லியை எடுத்தபடி. "போய் அந்தப் பக்கம் பொகை வுடறவனக் கேக்கச் சொல்லு."

நான் கோப முகத்தைத் தொட்டேன். பிறகு கீழே இறங்கி இட்லி வாங்கித் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.